இரத்தச் சீட்டும் டார்ச் விளக்கும்

பெங்களூருவில் விவேக் நகர் என்று ஒரு பகுதி. அங்கே குழந்தை இயேசு ஆலயம் இருக்கிறது. வியாழக்கிழமை என்றால் கூட்டம் நெரியும். எல்லா மதத்தாரும் வருவார்கள். மெழுகுவர்த்தி விற்பவர்களுக்கும் பூ விற்பவர்களுக்கும் அன்று நல்ல வியாபாரம்.

அங்கே பூ விற்கும் ஓர் அம்மா. அவர் கணவர் கட்டட மேஸ்திரி. வயது 48. இருபது வருடமாகப் பாக்கும் புகையிலையும் போடுகிறவர். காலையில் சாரம் ஏறும்போது கன்னத்தில் அடக்கினால், சாயங்காலம் இறங்கும் வரை வாய் சும்மா இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் மருத்துவ முகாம் நடந்தது. பலருக்கும் இரத்தம் எடுத்தார்கள். மேஸ்திரியும் கொடுத்தார். அடுத்த வாரம் சீட்டு வந்தது. பூக்கார அம்மா இரவு வகுப்பில் எழுத்துக் கற்றவர். சீட்டை அவரே படித்தார்.

"ஏங்க, போன வருஷம் கொழுப்பு 240 இருந்துச்சு. இப்ப 168 தான் இருக்கு."

மேஸ்திரிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா? எனக்கு ஒரு நோயும் இல்ல" என்றார்.

சீட்டு கொடுத்த நர்ஸ் அருகில்தான் நின்றிருந்தார். அவர் கேட்டார்.

"அண்ணா, கொழுப்புக்கு மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்ல சிஸ்டர்."

"எண்ணெய், இறைச்சியைக் குறைச்சீங்களா? தினமும் நடக்கிறீங்களா?"

"அதெல்லாம் இல்ல. ஆனா கொஞ்ச நாளா சரியாச் சாப்பிட முடியல. காரம் பட்டா வாய் எரியுது. உடம்பும் கொஞ்சம் இளைச்சிருச்சு."

நர்ஸின் முகம் மாறியது. பையிலிருந்து டார்ச் விளக்கை எடுத்தார்.

"இப்படி வெளிச்சத்துல உக்காருங்க. வாயைத் திறங்க, பார்ப்போம்."

இரத்தத்தில் கொழுப்பு குறைந்தால் நல்லதுதானே? அதற்கு ஏன் வாயைப் பார்க்க வேண்டும்?

இரத்தக் கொழுப்பு என்றால் என்ன?

கொழுப்பு என்றாலே பலருக்கும் பயம். ஆனால் கொழுப்பு இல்லாமல் உடம்பு இல்லை.

நம் உடம்பு கோடிக்கணக்கான சிறு சிறு அறைகளால் ஆனது. இவற்றைச் செல்கள் என்பார்கள். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சுவர் உண்டு. அந்தச் சுவரைக் கட்டக் கொழுப்பு வேண்டும். அதில் முக்கியமான ஒரு வகைதான் கொலஸ்ட்ரால். அதன் பெரும் பகுதியை நம் கல்லீரலே செய்கிறது. மீதி சாப்பாட்டிலிருந்து வருகிறது.

குழம்பின் மேல் எண்ணெய் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் தண்ணீரில் கரையாது. இரத்தத்திலும் பெரும்பகுதி தண்ணீர்தான். அதனால் கொழுப்பு தனியாக இரத்தத்தில் போக முடியாது. அதைச் சுமந்து செல்லச் சிறு சிறு மூட்டைகள் உள்ளன. இந்த மூட்டைகள் இரண்டு முக்கிய வகை.

ஒரு வகை மூட்டை கல்லீரலிலிருந்து கொழுப்பை உடம்பெங்கும் கொண்டு போகிறது. இது அளவுக்கு மேல் போனால் இரத்தக் குழாயின் சுவரில் படிந்துவிடும். குழாய் அடைத்தால் மாரடைப்பு வரும். இதைக் கெட்ட கொழுப்பு என்கிறார்கள். சீட்டில் 'எல்.டி.எல்.' என்று இருக்கும்.

இன்னொரு வகை மூட்டை மிச்சமான கொழுப்பைத் திரட்டிக் கல்லீரலுக்கே திருப்பிக் கொண்டு வருகிறது. இது நல்ல கொழுப்பு. சீட்டில் 'எச்.டி.எல்.' என்று இருக்கும்.

'டிரைகிளிசரைடு' என்று ஒரு வரியும் இருக்கும். இது உடம்பு எரித்துச் சக்தியாக்கிக் கொள்ளும் கொழுப்பு.

மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குக் கீழே இருப்பது நல்லது. டிரைகிளிசரைடு 150-க்குக் கீழே இருப்பது நல்லது. இந்த அளவுகள் 100 மில்லி இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்று சொல்பவை. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு டாக்டர் வேறு அளவு சொல்வார்.

அகமதாபாத்தில் கண்டது

குஜராத் மாநிலம் அகமதாபாத்தில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வந்தவர்களின் இரத்தத்தில் கொழுப்பு எப்படி இருக்கிறது?

மூன்று வகை மக்களின் இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் உள்ளவர்கள் 184 பேர். புற்றுநோயாக மாறக்கூடிய வாய்க் கோளாறு உள்ளவர்கள் 153 பேர். இந்த நோய்கள் இல்லாதவர்கள் 52 பேர். முடிவை 2004-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள்.

புற்றுநோய் உள்ளவர்களிடம் மொத்தக் கொலஸ்ட்ரால் குறைவாக இருந்தது. நல்ல கொழுப்பும் குறைவாக இருந்தது.

இந்தியாவின் வேறு ஊர்களிலும் இப்படிப் பார்த்திருக்கிறார்கள். பல இடங்களில் இதே போலக் கண்டார்கள். ஆனால் எல்லா ஆய்வும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. எந்த வகைக் கொழுப்பு எவ்வளவு குறைகிறது என்பதில் வேறுபாடு உண்டு.

சிமென்ட் குடோன்

கொழுப்பு ஏன் குறைகிறது? நர்ஸ் மேஸ்திரிக்கு அவர் தொழிலை வைத்தே விளக்கினார்.

"அண்ணா, குடோன்ல சிமென்ட் மூட்டை குறைஞ்சா என்ன அர்த்தம்?"

மேஸ்திரி யோசித்தார். "எங்கயோ கட்டட வேலை வேகமா நடக்குதுன்னு அர்த்தம். இல்லேன்னா புது லோடு வரலைன்னு அர்த்தம்."

"உடம்புலயும் அப்படித்தான்" என்றார் நர்ஸ்.

புற்றுநோய்ச் செல்கள் அடங்காமல் பெருகும். ஒன்று இரண்டாகும். இரண்டு நான்காகும். ஒவ்வொரு புதுச் செல்லுக்கும் புதுச் சுவர் வேண்டும். அந்தச் சுவருக்கு வேண்டிய கொழுப்பை அவை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கின்றன. இது வேலை வேகமாக நடப்பது போன்றது.

வாயில் புண் இருந்தால் சாப்பிட முடியாது. உணவு குறையும். உடம்பு இளைக்கும். இரத்தத்தில் கொழுப்பும் குறையும். இது லோடு வராதது போன்றது.

இந்த இரண்டில் எது அதிகக் காரணம் என்று இன்னும் திட்டமாகத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொழுப்பு குறைந்ததால் புற்றுநோய் வந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. பெரும்பாலும் நோய்தான் முன்னே வருகிறது. கொழுப்பு குறைவது அதன் பின்னே வருகிறது.

தவறாக எண்ண வேண்டாம்

இதைக் கேட்டுச் சிலர் தவறான முடிவுக்கு வந்துவிடலாம்.

"கொழுப்பு குறைந்தால் புற்றுநோய் வருமாம். அப்படியானால் நிறைய எண்ணெய், நெய், இறைச்சி சாப்பிடலாம்." இது தவறு. அதிகக் கொழுப்பு மாரடைப்பைத் தரும்.

"டாக்டர் கொடுத்த கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடலாம்." இது பெரிய தவறு. அந்த மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிட்ட ஆயிரக்கணக்கானவர்களை உலகின் பல நாடுகளில் கவனித்திருக்கிறார்கள். மாத்திரையால் அவர்களிடம் புற்றுநோய் கூடவில்லை.

"என் கொழுப்பு சரியாக இருக்கிறது. எனவே வாயில் நோய் இல்லை." இதுவும் தவறு. மேஸ்திரி செய்த தவறு இதுதான். கொழுப்புச் சீட்டு இதயத்துக்காக எடுப்பது. வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்று அது சொல்லாது. கொழுப்பு சரியாக உள்ளவருக்கும் வாயில் நோய் இருக்கலாம். கொழுப்பு குறைந்த பலருக்கு எந்த நோயும் இருக்காது.

உணவைக் கட்டுப்படுத்தி, நடந்து, மருந்து சாப்பிட்டுக் கொழுப்பு குறைந்தால் அது நல்ல செய்தி. ஒன்றுமே செய்யாமல் கொழுப்பும் எடையும் சேர்ந்து குறைந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

உண்மையான எதிரி யார்?

இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. ஆண், பெண் இருபாலரிலும் சேர்த்து ஒவ்வோர் ஆண்டும் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இது புதிதாக வருகிறது. இதற்கு முதல் காரணம் புகையிலை. அது பீடியாக இருக்கலாம். சிகரெட்டாக இருக்கலாம். ஜர்தா, குட்காவாக இருக்கலாம். வெற்றிலையோடு போடும் துண்டுப் புகையிலையாக இருக்கலாம். எல்லாம் ஒன்றுதான்.

"நான் புகையிலை போடுவதில்லை. வெறும் பாக்குதான்" என்பவர்கள் உண்டு. பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதை உறுதியாக அறிவித்திருக்கிறது. பாக்கு தொடர்ந்து போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் விறைத்துப்போகும். தோல் வெளுத்து, நார் நாராகும். காரம் பட்டால் எரியும். வாய் திறப்பது நாளுக்கு நாள் குறையும். இது பிறகு புற்றுநோயாக மாறலாம்.

புகையிலையோடு சாராயமும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

கர்நாடக அரசு 2013-ஆம் ஆண்டு குட்காவைத் தடை செய்தது. அதன் பிறகு பான் மசாலா ஒரு பொட்டலம், புகையிலை ஒரு பொட்டலம் என்று தனித்தனியாக விற்றார்கள். வாங்குபவர் கையில் கொட்டிக் கலந்துகொள்வார். பொட்டலம் இரண்டானாலும் வாய்க்குள் போவது அதே நஞ்சுதான்.

புகை பிடிப்பது நல்ல கொழுப்பைக் குறைக்கிறது. இரத்தக் குழாயைக் கெடுக்கிறது. ஆகவே புகையிலை இதயத்துக்கும் எதிரி, வாய்க்கும் எதிரி.

திருவனந்தபுரத்தில் டார்ச் விளக்கு

வாய்ப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டுமா? முதலில் வேண்டியது வெளிச்சமும் பயிற்சி பெற்ற கண்ணும்தான். இதைக் கேரளம் உலகுக்குக் காட்டியது.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ஆம் ஆண்டு ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 13 பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். 7 பகுதிகளில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். இவர்கள் டாக்டர்கள் அல்ல. பயிற்சி பெற்றவர்கள். 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் வாயை வெளிச்சத்தில் பார்த்தார்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் அனுப்பினார்கள். மற்ற 6 பகுதிகளில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும் இருந்தது.

முடிவு 2005-ஆம் ஆண்டு வெளியானது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே நல்ல பலன் தெரிந்தது. வாயைப் பார்த்த பகுதிகளில் வாய்ப் புற்றுநோயால் இறந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைவு.

எத்தனை எளிய வேலை! ஆனால் எத்தனை உயிர்கள்!

வாய்ப் புற்றுநோய் ஒளிந்திருக்கும் நோய் அல்ல. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வருகிறது. பல பேருக்கு அது வரும் முன்பே வெள்ளைப் படையாகவோ சிவப்புப் படையாகவோ அடையாளம் காட்டுகிறது. நாம்தான் வாயைத் திறந்து பார்ப்பதில்லை.

நீங்களே பார்க்கலாம்

மாதம் ஒரு முறை இதைச் செய்யலாம். ஐந்து நிமிடம் போதும்.

கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாயைக் கொப்பளியுங்கள். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள்.

உதட்டை விலக்கி உட்புறம் பாருங்கள். ஈறுகளைப் பாருங்கள்.

இரண்டு கன்னங்களின் உட்புறமும் பாருங்கள். புகையிலையை அடக்கும் இடத்தை நன்றாகப் பாருங்கள்.

நாக்கை நீட்டிப் பாருங்கள். இரண்டு ஓரங்களையும் பாருங்கள். நாக்கை மேலே தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். மேலண்ணத்தையும் பாருங்கள்.

மூன்று விரல்களை ஒன்றன் கீழ் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் வாய் திறப்பது குறைந்திருக்கலாம்.

கழுத்தின் இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள். கட்டி தட்டுப்படுகிறதா?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும்.

- 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண்.
- தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படை அல்லது சிவப்புப் படை.
- வாயில் அல்லது கழுத்தில் கட்டி.
- காரம் பட்டால் எரிச்சல். வாய் திறப்பதில் சிரமம்.
- காரணம் இல்லாமல் பல் ஆடுவது. இரத்தம் கசிவது.
- விழுங்கச் சிரமம். நாக்கில் மரத்த உணர்வு.

வலி இல்லையே என்று இருந்துவிடக் கூடாது. தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது.

எங்கே போவது?

பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கோ பல் டாக்டரிடமோ முதலில் போகலாம். பெங்களூருவில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஓசூர் சாலையில் கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அது 1973-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கர்நாடகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் மக்கள் அங்கே வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வருகிறார்கள். ரேஷன் கார்டையும் ஆதார் கார்டையும் கையோடு கொண்டு போவது நல்லது. ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டம் பற்றி அங்கேயே கேட்கலாம்.

சந்தேகம் இருந்தால் டாக்டர் புண்ணிலிருந்து ஒரு துளி சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். "சதையை வெட்டினால் நோய் பரவிவிடும்" என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது உண்மை இல்லை. பயந்து தள்ளிப் போடுவதுதான் ஆபத்து. தொடக்கத்தில் கண்டால் சிறிய சிகிச்சையிலேயே பலர் குணமாகிறார்கள். முற்றிய பிறகு தாடையையும் நாக்கையும் இழக்க நேரலாம். உயிரும் போகலாம்.

புகையிலையை விட உதவி வேண்டுமா? 1800-11-2356 என்ற எண்ணுக்குப் பேசலாம். காசு இல்லை. புகையிலைப் பாக்கெட்டின் மேலேயே இந்த எண் அச்சாகி வருகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அதைப் படித்துவிடலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் இந்தப் பணியில் இருக்கிறது. விட்ட முதல் சில நாட்கள் கஷ்டமாக இருக்கும். எரிச்சல் வரும். தூக்கம் கெடும். பிறகு குறையும்.

மேஸ்திரி என்ன ஆனார்?

அன்று நர்ஸின் டார்ச் வெளிச்சத்தில் இடது கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைப் படை தெரிந்தது. கட்டை விரல் நகம் அளவு. புகையிலையை அவர் அடக்கும் அதே இடம்.

"வேலை இருக்கு சிஸ்டர். அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார் மேஸ்திரி.

பூக்கார அம்மா விடவில்லை. அடுத்த நாளே அழைத்துப் போனார். ஒரு நாள் கூலி போயிற்று. ஒரு நாள் பூ வியாபாரமும் போயிற்று. சதை எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் இரண்டு பேரும் சரியாகத் தூங்கவில்லை.

முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. "புகையிலை, பாக்கு இரண்டையும் இன்றே விட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும்" என்றார் டாக்டர்.

மேஸ்திரி விட்டார். இருபதாம் நாள் கான்கிரீட் போடும் வேலை. கூட வேலை செய்தவர் நீட்டினார். வாங்கிப் போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் உண்மையைச் சொன்னார். அந்த அம்மா திட்டவில்லை. "நாளையிலிருந்து திரும்பவும் ஒண்ணுன்னு எண்ணுங்க" என்றார்.

இப்போது அந்த வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் தொங்குகிறது. புகையிலை போடாத ஒவ்வொரு நாளுக்கும் மேஸ்திரி ஒரு கோடு போடுகிறார். மூன்று மாதத்துக்கு ஒரு தேதியில் வட்டம் போட்டிருக்கிறார் அவர் மனைவி. அது ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சிறு டார்ச் விளக்கும் இருக்கிறது.

நினைவில் கொள்வோம்

1. கொழுப்புச் சீட்டு இதயத்துக்காக எடுப்பது. அது வாய்ப் புற்றுநோயைக் காட்டாது.
2. முயற்சி எதுவும் செய்யாமல் கொழுப்பும் எடையும் குறைந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.
3. டாக்டர் தந்த கொழுப்பு மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.
4. புகையிலையும் பாக்கும் வாய்ப் புற்றுநோயைத் தரும்.
5. மாதம் ஒரு முறை வெளிச்சத்தில் வாயைப் பார்க்க வேண்டும்.
6. 2 வாரம் ஆறாத புண்ணை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கலந்து பேசுவோம்

உங்கள் வீட்டில் யார் புகையிலை அல்லது பாக்குப் போடுகிறார்கள்? அவர்கள் வாயைக் கடைசியாக எப்போது வெளிச்சத்தில் பார்த்தீர்கள்?